ஜோட்டேரோ: பட்டியலில் தெரிந்த சிவப்புக் குறிகள்

மருத்துவ ஆய்வுகளைப் பொது வாசகர்களுக்குப் புரியும்படி எழுதுவது என் வேலை. ஒன்பது வருடமாகப் படித்த ஆய்வுக் கட்டுரைகள் கணினியில் அங்கங்கே சிதறிக் கிடந்தன. பாதிக் கோப்புகளுக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை. போன வருடம் அத்தனையையும் ஜோட்டேரோவில் ஏற்றினேன். 640 சொச்சம் இருந்தன. ஏற்றிய அன்று மாலையே மூன்று கட்டுரைகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தது. வெளியிட்ட ஆய்விதழே அவற்றைத் திரும்பப் பெற்றுவிட்டது என்று அர்த்தம். அதில் ஒன்றை நம்பி நான் ஒரு முழுக் கட்டுரை எழுதி அச்சிலும் வந்துவிட்டது. அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

ஜோட்டேரோ 2006இல் வந்த இலவச மென்பொருள். ஆதாரங்களைச் சேர்த்து வைக்கவும் அடிக்குறிப்பு போடவும்தான் பெரும்பாலோர் இதை வைத்திருக்கிறார்கள். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. நான் எழுத வந்தது 2019இல் இதில் சேர்த்த வசதியைப் பற்றி. அய்வன் ஒரான்ஸ்கி, ஆடம் மார்கஸ் என்ற இருவர் 2010இல் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தொடங்கினார்கள். திரும்பப் பெறப்பட்ட ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவுசெய்யும் வேலை அது. அந்தத் தரவுத்தளத்தோடு நம் சேமிப்பை ஜோட்டேரோ தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கிறது. குறியுள்ள பதிவைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை, அதில் திரும்பப் பெற்ற தேதி, காரணம், அறிவிப்புக்கான இணைப்பு. தெரியாமல் மேற்கோளில் சேர்க்கப் போனாலும் எச்சரிக்கிறது.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? இறக்கி வைத்த பிடிஎஃப்புக்கு அதன் பிறகு நடந்த எதுவும் தெரியாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. அதை முழுதாகத் திரும்பப் பெற 2010 ஆகிவிட்டது. கோவிட் காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி அதே லான்செட்டில் 2020 மே 22 அன்று வந்த கட்டுரையை ஜூன் 4 அன்றே திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்துச் சோதனையை நிறுத்தி, மறுபடி தொடங்கியும் ஆயிற்று. மே கடைசியில் அதை இறக்கி வைத்தவர் கணினியில் அது இன்னமும் பெரிய ஆய்விதழின் முத்திரையோடுதான் இருக்கும்.

ஆனால் சிவப்பைப் பார்த்ததும் ‘மோசடி’ என்று முடிவுகட்டக் கூடாது. 2018இல் வேதியியல் நோபல் பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்ட், தன் குழுவின் 2019ஆம் வருடக் கட்டுரையின் முடிவுகள் மறுபடி செய்தபோது வரவில்லை என்று 2020 தொடக்கத்தில் தானே வெளிப்படையாகச் சொல்லித் திரும்பப் பெற்றார். அவர் மேல் என் மதிப்பு கூடியது. என்னுடைய மூன்றில் ஒன்றை, கணக்கில் பிழை கண்டு ஆசிரியர்களே விலக்கிக்கொண்டார்கள். இன்னொன்றை ஆய்விதழ் தவறுதலாக இரண்டு முறை வெளியிட்டிருந்தது. நான் நம்பி எழுதியதன் கதை வேறு. மூலத் தரவைக் கேட்டபோது ஆசிரியர்களால் காட்ட முடியவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன், அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். இந்தச் சோதனை, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரும் டிஓஐ போன்ற அடையாள எண்ணை வைத்து நடக்கிறது. பழைய ஸ்கேன் பிரதிகளில் எழுத்தை மென்பொருளால் படிக்க முடியாததால் அந்தப் பதிவுகளில் எண்ணே ஏறவில்லை. எழுபதுக்கு மேற்பட்டவற்றுக்கு உட்கார்ந்து நானே தேடிப் போட்டேன். நான்காவது சிவப்புக் குறி அப்படித்தான் வெளியே வந்தது. எண் இல்லாத பதிவுகள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, குறி இல்லாததை நற்சான்றாக எடுத்துக்கொள்வது. 2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து எழுதிய ஒரு போலி ஆய்வை 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழ் எதற்காகத் திரும்பப் பெறப்போகிறது? அதில் வருவது ஜோட்டேரோவில் எப்போதும் சுத்தமாகவே தெரியும். திரும்பப் பெற்ற ஆய்வை நம்பி எழுதிய புத்தகமும் அப்படியே.

இணையப் பக்கங்களை அன்றிருந்தபடியே பிரதி எடுத்து வைக்கும் வசதி எனக்கு நிறைய உதவுகிறது. ஒரு பக்கத்திலிருந்து நான் எடுத்தாண்ட வாக்கியத்தைப் பிறகு சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். என் பிரதியில் அது பத்திரமாக இருக்கிறது. ஜோட்டேரோ இணையத்தில் இலவசமாகத் தரும் 300 எம்பி இடம் பிடிஎஃப்புகளுக்குப் போதாது. கோப்புகளை என் வன்தட்டிலேயே வைத்துக்கொண்டு பதிவுகளை மட்டும் ஒத்திசைக்கிறேன்.

அந்த நான்கு குறிகளுக்குப் பிறகு இரண்டு குறிச்சொற்கள் வைத்துக்கொண்டேன்: ‘முறை படித்தேன்’, ‘சுருக்கம் மட்டும்’. எத்தனை பேரிடம் சோதித்தார்கள், ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா, பணம் யார் கொடுத்தது என்று பார்த்த பிறகுதான் ஒரு கட்டுரை முதல் குறிச்சொல்லுக்கு மாறும். ஒன்பது வருடச் சேமிப்பில் ‘சுருக்கம் மட்டும்’ என்று நேர்மையாகப் போட வேண்டியிருந்தவை 211. வாரத்துக்கு ஐந்தாவது முழுசாகப் படித்துவிடுகிறேன். இன்றைக்கு 138 மிச்சம்.