இரீனாவா, தியோடோராவா?

பைசாந்தியப் பேரரசில் (கிழக்கு ரோமப் பேரரசில்) இயேசு, புனிதர்கள் ஆகியோரின் திருவுருவப் படங்களை வணங்குவதற்கு இருந்த தடையை இரண்டு முறையும் நீக்கியவர்கள் கணவரை இழந்த அரசிகள்தான். இருவருமே சிறுவனான மகனின் பெயரில் ஆட்சி நடத்தியவர்கள். இவர்களில் யார் மேல்?

தடையை நீக்க இரீனா 786இல் தலைநகரில் கூட்டிய திருச்சங்கத்தை (ஆயர்களின் பேரவையை), தடையை ஆதரித்த படைவீரர்கள் புகுந்து கலைத்தார்கள். அவர் அசரவில்லை. அந்தப் படைகளைத் தந்திரமாக வெளியேற்றிவிட்டு, 787இல் நிக்கேயா நகரில் மறுபடி கூட்டி வென்றார். ஆனால் 815இல் தடை திரும்பி வந்துவிட்டது.

தியோடோரா வேறு மாதிரி. கணவர் தியோஃபிலோஸ் படங்களுக்குப் பரம எதிரி. தியோடோரா அவற்றைத் தன் அறையில் ஒளித்து வணங்கியதை அரண்மனைக் கோமாளி பார்த்துவிட, அவை வெறும் பொம்மைகள் என்று சமாளித்தாராம்! (கட்டுக்கதையாகவும் இருக்கலாம்.) 843இல் படங்களை மீட்டபோதும், இறந்த கணவரைத் திருச்சபை சபிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். அந்த மீட்பு நிலைத்தது.

துணிச்சலில் இரீனா ஒரு படி மேல், சரி. ஆனால் 797இல் பெற்ற மகனையே குருடாக்கியவர் அவர். என் ஓட்டு தியோடோராவுக்குத்தான்.