எங்க வீட்டு செவலை: டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ரிவ்யூ

எக்ஸ்எல் 100 எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு, அதுவும் வீட்ல சின்னப்புள்ள இருந்தா, இதப் படிச்சிட்டு எடுங்க. என்கிட்ட இருக்கறது செல்ஃப் ஸ்டார்ட் மாடல், செகப்புக் கலர். கோட்டையூர்ல வீட்லயே பலகாரம் போட்டு காரைக்குடிக் கடைகளுக்குக் குடுக்குறேன், தேன்குழல், சீப்புசீடை, மாவுருண்டைன்னு, அதனால எனக்கு வேண்டியதெல்லாம் லோடு ஏத்தணும், புடவையோட ஓட்டணும், பெட்ரோல் குடிக்கக் கூடாது. அந்த மூணுலயும் வண்டி பாஸ்.

முன்னாடி கால் வைக்கிற எடத்துல எண்ணெய் டின் அப்படியே உக்காந்துக்கும். பின் சீட்டக் கழட்டிட்டா பலகார டப்பா வச்சிக் கட்டிரலாம். 99.7 சிசி, கியர் மாத்த வேணாம் கிளட்ச் புடிக்க வேணாம், முறுக்குனா போகும் அவ்வளவுதான். குன்றக்குடி பக்கம் ஆர்டர் வந்தா லோடோட மெதுவாத்தான் போகும், ஆனா மூச்சு வாங்காம போயிரும். நம்ம ஓட்டத்துக்கு லிட்டருக்கு 50க்கு மேல குடுக்குது. டேங்க் 4 லிட்டர்தான், அது ஒண்ணுதான் சின்னது. மாமாகிட்ட பழைய டிவிஎஸ் 50 இருந்துச்சு (1980ல வந்த மாடல் வழி), அதுக்கு பெட்ரோலோட ஆயிலும் கலந்து ஊத்தணும், ஸ்டார்ட் பண்ணுனா தெருவே பொகை. இது ஃபோர் ஸ்ட்ரோக், அந்தத் தொல்லை இல்ல. எம் பொண்ணு பாப்பா கணக்குல அந்த டிவிஎஸ் 50 இந்த வண்டிக்கு அப்பத்தா.

ஆமா, இப்ப பாப்பா விஷயத்துக்கு வர்றேன். யூகேஜி படிக்கிறா. வண்டி வந்த அன்னைக்கு பிள்ளையார்பட்டில பூசை போட்டுட்டு வர்றப்பவே செவலைன்னு பேரு வச்சிட்டா, அதுல இருந்து இது வண்டி இல்ல, மாடு. காலைல கழனித்தண்ணி வாளியத் தூக்கிட்டு வந்து முன் சக்கரத்துக்கிட்ட வைக்கிறா. பின் சீட்டக் கழட்டுனா முதுகு வலிக்கும்னு அழுகை. பெட்ரோல் பங்குல மீட்டரப் பாக்க மாட்டா, "போதுமான்னு செவலைகிட்ட கேளுங்கண்ணே"ம்பா, பங்கு தம்பியும் குனிஞ்சு கேட்டுட்டுத்தான் பம்ப்ப எடுப்பாரு.

ஒருநாள் கடைக்காரரு அவசரம்னு போன் மேல போன், நான் பட்டன அமுக்குறேன் அமுக்குறேன் ஸ்டார்ட்டே ஆகல, பெட்ரோல் இருக்கு, பேட்டரி இருக்கு, ஹாரன் அடிக்குது, கடைசில பாத்தா ஹேண்டில்ல இருக்க ஆன் ஆஃப் சுவிட்ச ஆஃப்ல போட்டுட்டு திண்ணைல உக்காந்திருக்கா. "அது தூங்குதும்மா, எழுப்பாதீங்க"ன்னு சொல்றா. அதனால ஸ்டார்ட் ஆகலன்னா மெக்கானிக்கக் கூப்புடறதுக்கு முன்னாடி அந்த சுவிட்சப் பாருங்க, புள்ள இருக்க வீட்ல இது முக்கியம். சாவிய உயரமா ஆணில மாட்டிருங்க, பட்டன் ஸ்டார்ட்டுங்கறதால சாவி இருந்தா புள்ளையே ஸ்டார்ட் பண்ணிரும்.

மாட்டுப் பொங்கலுக்கு நடந்தது தனிக்கதை. கொம்புக்கு அடிக்கிற நீலப் பெயிண்ட எங்கிருந்தோ வாங்கி ரெண்டு கண்ணாடிக் கம்பிக்கும் அடிச்சு, ஹெட்லைட்டுக்கு குங்குமம், மாலை, சக்கரப்பொங்கல் வேற மட்கார்டு மேல. எங்க அயித்தை திட்டுவாங்கன்னு பாத்தா ஆரத்தித் தட்டோட வர்றாங்க. எங்க தம்பி, "அக்கா, நாளைக்கு சிராவயல்ல மஞ்சுவிரட்டு, செவலைய அவுத்து விட்ருவமா"ன்னு கேட்டான், அதுக்கு இவ, "எங்க செவலை யாரையும் முட்டாது மாமா"ன்னு சீரியஸா பதில் சொல்றா. அந்தப் பெயிண்ட் இன்னும் போகல, நானும் தேய்க்கல.

சரி, குறைன்னா இதுதான். சைலன்சர் தாழ்வா, புள்ளைங்க கால் படுற உயரத்துல இருக்கு, ஓட்டிட்டு வந்த உடனே கட்டிப் புடிக்க ஓடி வருவாங்க, சுட்ரும். "செவலைக்கு காய்ச்சல், ஆறுனதும் தொடலாம்"னு சொல்லி வச்சிருக்கேன், கேக்குறா. செயின் பக்கமும் வெரல் விட விடாதீங்க. 80 கிலோவுக்கு மேல கனம், ஸ்டாண்ட் மண்ணுல எறங்குற எடத்துல நிறுத்தி மேல ஏறி வெளையாட விட்ராதீங்க, நாங்க முகப்புல சிமெண்ட் தரைல மட்டும்தான் போடுறோம். அப்புறம் புள்ளைய ஏத்திட்டுப் போறப்ப, 4 வயசுக்கு உட்பட்ட புள்ளைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுறவங்களோட சேத்துப் போடுற பெல்ட்டும் வேணும், 40க்கு மேல போகக்கூடாது, 2023ல இருந்து ரூல். 4 தாண்டிட்டாலும் ஹெல்மெட் கண்டிப்பு. பாப்பாவுக்கு வாங்குனப்போ செவலைக்கும் ஒண்ணு கேட்டா.

சர்வீஸ் நேரத்துக்கு வந்தா மட்டும் சிக்கல். ஆயில் கருப்பா ஒழுகறதப் பாத்து ஒரே கத்தல், மெக்கானிக் தம்பி பாவம், வேலைய விட்டுட்டு, "கெட்ட ரத்தம் பாப்பா, எடுத்துட்டு நல்ல மருந்து ஊத்துறோம்"னு சொல்லி சமாளிச்சாரு. இப்பல்லாம் அவ ஸ்கூல் போனப்புறம் விட்டுட்டு அவ வர்றதுக்குள்ள எடுத்துட்டு வந்துர்றேன்.

லோடு அடிக்கறவங்க, நாலு கடைக்கு சரக்கு போடுறவங்க தாராளமா எடுக்கலாம். ரெண்டு பேரு தெனம் மதுரை திருச்சின்னு போறதுன்னா இது வேணாம், வேற பாருங்க. எக்ஸ்சேஞ்ச் வேல்யூ பத்திக் கேக்காதீங்க, எனக்கு அந்தப் பேச்ச வீட்ல எடுக்கவே முடியாது.