ஓர நாற்காலி

டிசம்பரில் லண்டனிலிருந்து மூன்று வாரம் சென்னைக்குப் போனது கச்சேரி கேட்க. கடைசியில் அதிக நேரம் உட்கார்ந்தது மேற்கு மாம்பலத்து ஸ்கேன் சென்டரில்.

அப்பாவுக்கு 74 வயது. எப்போதும் நடு வரிசையில் உட்காருபவர், இந்த முறை சபாவில் ஓர நாற்காலிதான் வேண்டும் என்றார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போனார். பாதி அரங்கம் கேன்டீனுக்குக் கிளம்புகிற நேரம் அது என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மின்சார ரயிலில் கழிவறை கிடையாது என்று தாம்பரத்தில் சித்தி வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். கேட்டால், "வயசானா அப்படித்தாம்மா."

மார்கழிப் பனியில் அவருக்குச் சளி பிடித்தது. தெருமுனை மருந்துக் கடையில் வேறு என்ன வியாதி என்று ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரை கொடுத்தார்கள். அன்று இரவு சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. விடியும்வரை பாத்ரூமுக்கு உள்ளே அவர், வாசலில் நான்.

காலையில் போன் செய்தேன், மாலையிலேயே யூராலஜி டாக்டரைப் பார்த்துவிட்டோம். லண்டனில் என்றால் முதலில் ஜி.பி. எனும் குடும்ப டாக்டரிடம் போய்ப் பரிந்துரை வாங்க வேண்டும். அதற்கப்புறம் 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதே அங்கே இலக்குதான். டாக்டர் முதலில் கேட்டது அந்தச் சளி மாத்திரையின் அட்டையை. குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின் என்ற இரண்டு பெயர்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டார். ஒன்று சிறுநீர்ப்பையைச் சுருங்க விடாது, மற்றது அந்தப் பையின் வாயை இறுக்கும், பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பி வீங்கியவருக்கு இரண்டும் ஆகாது என்றார். முழுக்க அடைத்திருந்தால் அவசரப் பிரிவில் டியூப் போட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும், விடியும்வரை ஏன் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் திட்டு.

ரத்தப் பரிசோதனைக்கு மறுநாள் காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மதியம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது, பிராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு நான்குக்குக் கீழே. இந்த வேகத்துக்கு ஒரு கும்பிடு.

ஸ்கேன் சென்டர்தான் சோதித்தது. "ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு உட்காருங்க, யூரின் முட்டினா சொல்லுங்க." அப்பா சொன்னார். சொல்லி ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். அதற்குள் அவர் கால்களைப் பின்னிக்கொண்டு சுவரில் இருந்த பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டில், சிறுநீர் போன பிறகும் பையில் 180 மில்லி மிச்சம். டாக்டர் அதை ஏற்கவில்லை. அளவுக்கு மீறி அடக்கினால் பை தளர்ந்துவிடும், சரியாகக் காலியாகாது, 150 மில்லிக்கு மேல் சேர்ந்து இயல்பாக முட்டினாலே போதும் என்று தன் கிளினிக்கிலேயே மறுபடி எடுத்தார். சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் புனல் வைத்த ஒரு மெஷின், சாத்திய கதவு, அவசரப்படுத்த யாரும் இல்லை. வேகம் நொடிக்கு 12 மில்லி, மிச்சம் 70. பத்துக்குக் கீழே போனால்தான் அடைப்பு என்ற சந்தேகம் வலுக்குமாம், பதினைந்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. அப்பா நடுவில்.

சிறுநீர்த் தொல்லை எவ்வளவு என்று கேட்கும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளும் உண்டு, மொத்தம் 35 மதிப்பெண். "நீ கொஞ்சம் வெளியில இரும்மா" என்றார் அப்பா. இருந்தேன். அவர் வாங்கியது 17. பரீட்சையில் குறைவாக வாங்கினால்தான் நல்லது என்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

இத்தனை மெஷினும் சொல்லாததை ஒரு பிளாஸ்டிக் மக் சொன்னது. மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் அளந்து, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் மணியோடு எழுதினார். ஒரு நாள் அளவில் ஏறக்குறைய பாதி ராத்திரியில்தான் போயிருந்தது. பகலெல்லாம் நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டிருப்பதால் கணுக்காலில் இறங்கும் நீர், படுத்ததும் சிறுநீராகிறது. மதியம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னார் டாக்டர். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின், பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம். தலை சுற்றலாம், கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்திருக்க வேண்டும். அவசரத்தைக் குறைக்கப் பையையே தளர்த்தும் மாத்திரை பற்றி நான் கேட்டேன். மிச்சம் நிற்கும்போது இப்போது வேண்டாம், வயதானவர்களுக்கு அதில் சில மாத்திரைகள் குழப்பத்தையும் கொண்டுவரும் என்றார்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தாம்பரம் போனோம். மாம்பலத்தில் ரயிலேறும் முன் ஒரு தடவை, சித்தி வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு தடவை. நடுவில் ஒன்றும் ஆகவில்லை. சித்தி காபி கலந்து கொண்டுவந்தார்.

"அரை டம்ளர் போதும்" என்றார் அப்பா.