தோல் கழிவுநீர்: உப்பு கடைசியில் எங்கே போகிறது?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுநீர் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது குரோம், அதாவது தோலைப் பதனிடப் போடும் குரோமிய ரசாயனம். பயப்பட வேண்டிய பொருள்தான். ஆனால் பாலாற்றங்கரைக் கிணறுகளை வாயில் வைக்க முடியாமல் ஆக்கியதிலும் நிலத்தைப் பாழாக்கியதிலும் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு உண்டு. குரோமை ரசாயனம் போட்டுப் பிடித்துவிடலாம். கரைந்த உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது, எந்தப் படிகாரமும் கீழே இறக்காது. அதனால் எந்தச் சுத்திகரிப்பு முறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது உப்பின் கதியைத்தான்.

அந்த உப்பு வருவது இப்படி: உரித்த தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். அந்தத் தோல், ‘ஷாப்’ என்று இங்கே சொல்லும் பதனிடும் தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை ஊறப்போடுவது. தோலில் ஒட்டியிருக்கும் உப்பு அத்தனையும் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஊறல் தண்ணீர் அந்த அளவைத் தொடும், சில வேளை தாண்டும். வெளியே விட அனுமதிக்கப்பட்ட கரைந்த உப்புகளின் அளவோ லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டால் குரோம் தொல்லை போகும். ஆனால் அங்கும் வந்து இறங்குவது பெரும்பாலும் அதே உப்புத் தோல், ஊறலும் அதே ஊறல்தான்.

1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அதில்தான். சுத்திகரிக்காமல் தோல் ஷாப் நடத்த முடியாது என்ற நிலை வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கரிமக் கழிவையும் குரோமையும் வெகுவாகக் குறைத்தன. உப்பு மட்டும் உள்ளே வந்தபடியே வெளியே போனது. அதற்கு விடையாக வந்ததுதான் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’, அதாவது ஒரு சொட்டும் வெளியே விடாத முறை.

இதில் உயிரியல் சுத்திகரிப்புக்குப் பிறகு தண்ணீரை ஆர்.ஓ. சவ்வு வழியாகச் செலுத்துகிறார்கள். பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பி, தோலைச் சுழற்றிப் பதனிடும் டிரம்முக்கே போகிறது. மழையை நம்பியிருக்கும் பாலாற்றுப் படுகையில் இதன் மதிப்பு பெரிது. சிக்கல், மிஞ்சும் அடர் உப்புநீரில். அதை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து வற்றவைக்க வேண்டும். ஒரு கிலோலிட்டர் நீரை நேரடியாக ஆவியாக்க 600 யூனிட்டுக்கும் மேலான வெப்பம் தேவை. ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல கட்ட முறையில் இது பல மடங்கு குறையும். குறைந்தும் சிறிய ஷாப்காரருக்குத் தாங்காத செலவு அது. இத்தனைக்கும் பிறகு கையில் கிடைப்பது குளோரைடும் சல்பேட்டும் கரிம அழுக்கும் கலந்த பழுப்பு உப்பு. திருப்பூர்ச் சாயத் தொழிலில் மீட்ட உப்புநீரை மறுபடி சாயமேற்றப் பயன்படுத்த முடிகிறது. தோல் தொழிலில் இந்தக் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை, கொட்டகைகளில் தேங்குகிறது. ஆற்றுக்குப் போகவில்லை என்பது பெரிய லாபம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் உப்பு பிரச்சினையாகவே, திடப்பொருளாக உட்கார்ந்திருக்கிறது.

தேக்கிவைப்பதை லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். ஒரு முறையைப் பற்றி முடிவெடுக்கும்போது அது மிச்சம் வைக்கும் சேற்றையும் உப்பையும் யார் பக்கத்தில் வைக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கான்பூர் வேறு வழியில் போனது. கங்கைச் செயல்திட்டத்தில் நெதர்லாந்து உதவியுடன் ஜாஜ்மௌவில் கட்டிய நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 3.6 கோடி லிட்டர். ஒரு பங்கு தோல் கழிவுநீருக்கு மூன்று பங்கு ஊர்ச் சாக்கடை என்ற கணக்கில் கலந்து, காற்றில்லாத் தொட்டியில் நொதிக்கவிடும் முறை. காற்று ஊத மின்சாரம் வேண்டாம், எரிவாயுவும் கிடைக்கும். கணக்குப் பார்த்தால் ஜீரோ டிஸ்சார்ஜைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் தோல் கழிவிலுள்ள சல்பேட் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. நாற்றம் ஒரு பக்கம், எரிவாயுக் குறைவு மறுபக்கம். சாக்கடையோடு சேர்ந்தால் உப்பின் அடர்த்திதான் இறங்கும், எடை அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரைப் பாசனத்துக்கு விட்டதில் குரோம் வயல் மண்ணில் ஏறியது. என் கணக்கில் இது தீர்வே அல்ல. ஒரு தொழிலின் பாரத்தை விவசாயியின் வயலுக்கு மாற்றும் ஏற்பாடு.

நாணல் படுகைகளைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்கள் நிறைய. கோரையும் சம்பும் வளர்ந்த படுகையில் கழிவுநீர் மெல்ல ஊர்ந்து, வேர்களைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களால் தெளிவது அழகான வேலைதான், செலவும் குறைவு. ஊர்ச் சாக்கடைக்கு நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன். தோல் கழிவுக்கு அல்ல. செடி தண்ணீரை இலை வழியே வெளியேற்றிவிட்டு உப்பை விட்டுவைக்கிறது. வேலூர் வெயிலில் படுகையை விட்டு வரும் நீர் உள்ளே போனதைவிடக் கரிப்பாகக்கூட இருக்கும். மின்சாரம் பாய்ச்சி அழுக்கைத் திரளவைக்கும் மின்திரட்டல் முறைக்கும் இதே குறை: குரோமும் நிறமும் பிடிபடும், உப்பு பிடிபடாது.

எனக்குப் பிடித்த வழி சுத்திகரிப்பு நிலையத்துக்கு வெளியே, ஷாப்புக்குள்ளேயே இருக்கிறது. ஊறப்போடும் முன் ஒவ்வொரு தோலையும் மரச்சட்டத்தின் மேல் ஓங்கி நாலு தட்டு தட்டினால் ஒட்டாத உப்பு பொலபொலவென்று கீழே கொட்டும். எல்லா உப்பும் வராது. வருவது ரோமமும் தூசும் கலந்த அழுக்கு உப்புதான். ஆனால் அது உலர்ந்த உப்பு, சாக்கில் கட்டி எடை போடலாம். தண்ணீரில் கரைந்த பிறகு அதே உப்பைப் பிரிக்க ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் வேண்டும். ஊறல் தண்ணீரை மற்றதோடு கலக்காமல், தளம் போட்ட பாத்திகளில் தனியே வெயிலில் காயவைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழையில் அது படுத்துவிடும், அதற்கேற்பப் பாத்திகளை அகலமாகக் கட்ட வேண்டும்.

குரோமுக்கும் இதே நியாயம். போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்கு வரை தோல் ஏற்காமல் தண்ணீரோடு போய்விடும். அந்தப் பச்சைத் தண்ணீரைத் தனியே பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு கலக்கி விட்டுவைத்தால் மறுநாள் மேலே தெளிந்த நீர், அடியில் பச்சைச் சேறு. நீரை வடித்துவிட்டு, சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பதனிட உதவும் குரோம் கரைசல் தயார். வாங்கும் குரோமும் குறைகிறது, சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றின் நஞ்சும் குறைகிறது. அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதோடு, தண்ணீர் சேர்க்காமலே குரோம் பதனிடும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. அதில் ‘பிக்கிள்’ உப்பும், அதாவது பதனிடும் முன் அமிலத்தோடு போடும் உப்பும் மிச்சம்.

ஜீரோ டிஸ்சார்ஜை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலாற்றுப் படுகைக்கு அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் ஷாப்பிலேயே உப்பைத் தட்டி, ஊறலைப் பிரித்து, குரோமை மீட்ட பிறகு வரும் தண்ணீருக்குத்தான் அது கட்டுப்படியாகும். இதைச் செய்யவைக்கப் பொது நிலையங்கள் கட்டணத்தைக் கிலோலிட்டரை மட்டும் வைத்து நிர்ணயிக்காமல், ஒவ்வொரு ஷாப்பும் அனுப்பும் உப்பின் எடையையும் சேர்த்து வசூலிக்க வேண்டும். உப்பு ஏற ஏறத் தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும். நுழைவுக் குழாயில் அதை அளக்கும் ஒரு கடத்துத்திறன் மீட்டரும், தண்ணீரின் அளவைச் சொல்லும் ஓட்ட மீட்டரும் இருந்தாலே ஓரளவு சரியான கணக்கு கிடைத்துவிடும். தோலைத் தட்ட ஆள் போடுவதா, கரைத்து அனுப்பிக் கட்டணம் கட்டுவதா என்பதை அப்போது ஷாப்காரரே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வார்.