மேடையில் கைவிடாத ஆம்ப்: ரோலண்ட் ஜேசி-120

வாராவாரம் மேடையில் வாசிக்கிறவர்கள் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது பாதி நிகழ்ச்சியில் காலை வாருமா என்பதுதான். டோன் எல்லாம் அப்புறம். அந்த ஒரு கேள்வியோடுதான் ரோலண்ட் ஜேசி-120 ஜாஸ் கோரஸைப் பற்றி எழுதுகிறேன். குழுவில் நான் ரிதம் கிட்டார். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், எதிரொலி தரும் டிலே எல்லாம் காலடியில் பெடல்போர்டில் இருக்கின்றன. ஆம்ப் தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் சத்தமாகக் கொடுத்தால் போதும்.

இதற்கு முன் வைத்திருந்தது ஒரு டியூப் காம்போ, அதாவது கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். பெயர் வேண்டாம். ஒலியில் குறையே சொல்ல முடியாது, ஆனால் வண்டியில் ஏற்றி இறக்குவதுதான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாலு பாட்டு தாண்டியதும் ஒவ்வொரு நோட்டுக்குப் பின்னாலும் ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும். முதல் கட்டத்தில் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் டியூப் மைக்ரோபோனிக் ஆகிவிட்டது, அதாவது தன்மேல் படும் அதிர்வையும் ஒலியாக்குகிறது என்று அர்த்தம். ஆம்ப் ஓடும்போது ஒரு மரக்குச்சியால் டியூப்களை ஒவ்வொன்றாக லேசாகத் தட்டிப் பார்ப்பேன். எதைத் தட்டும்போது 'டிங்' என்று ஸ்பீக்கரில் பலமாகக் கேட்கிறதோ, அதுதான் ஆள். மாற்று டியூபும் ஃப்யூஸும் பையில் எப்போதும் கிடக்கும். ஒரு நாள் பவர் டியூப் போனது, போகும்போது ஃப்யூஸையும் கூட்டிக்கொண்டு போனது. மிச்ச நிகழ்ச்சியை டிஐ பாக்ஸ் (கிட்டாரை ஆம்ப் இல்லாமல் மிக்சரில் இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக நேரே மிக்சருக்குக் கொடுத்து ஒப்பேற்றினேன். டிஸ்டார்ஷன் பெடலை ஸ்பீக்கர் கேபினட் இல்லாமல் கேட்டவர்களுக்குத் தெரியும், தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஜேசி-120 வந்தது 1975இல். அடிப்படை வடிவம் இன்றும் அதேதான். உள்ளே டியூப் கிடையாது, டிரான்சிஸ்டர்தான். அதனால் சூடேறக் காத்திருக்க வேண்டாம், பயஸ் (டியூபுக்கான மின் அளவு) சரியா என்று பார்க்க வேண்டாம். 60 வாட் வீதம் இரண்டு பவர் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. டிரம்ஸ் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி கலங்காமல் மேலே நிற்கும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. போன நிகழ்ச்சியில் குமிழ்களை எங்கே விட்டேனோ, இன்றும் அங்கேயே வைத்து வாசிக்கலாம். டியூப் தேய்ந்துகொண்டே வந்து ஒலி மெல்ல மங்கும் பேச்சே இல்லை. உடையாமல் இருப்பது பாதி நம்பகம் என்றால், ஒரே மாதிரி ஒலிப்பது மறு பாதி.

அதற்காகக் கவனிக்காமல் விட்டுவிட முடியாது. எந்த ஆம்பாக இருந்தாலும் மேடையில் வரும் தொல்லைகளில் நிறைய, சர்க்யூட்டை விட ஜாக்கிலும் கேபிளிலும்தான் வருகின்றன. உள்ளீட்டு ஜாக்கின் நட்டு தளர்ந்தால், கேபிளைச் செருகும்போது ஜாக்கே சேர்ந்து சுழலும். உள்ளே ஒயர் முறுக்கி, ஒரு நாள் சால்டர் விட்டுவிடும். ஸ்பேனர் எடுத்து ஒரு சுற்று இறுக்க அரை நிமிடம் ஆகாது. குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர். இன்னொரு விஷயம்: டியூப் ஆம்பில் டியூபை மாற்றி மேடையிலேயே பிழைத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப் போனால் மேசையில் வைத்துத்தான் திறக்க வேண்டும். அதனால் டிஐ பாக்ஸ் இப்போதும் பையில்தான் இருக்கிறது, கூடவே கேபினட் ஒலியைப் போலி செய்யும் ஒரு சின்ன பெடலும்.

சவுண்ட் இன்ஜினியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஆம்பிலேயே இருக்கும் கோரஸ் எஃபெக்டைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டார் அப்படியே வரும், மற்றதில் சுருதி மேலும் கீழும் அலையும். இரண்டும் காற்றில் கலக்கும்போதுதான் அந்தப் புகழ்பெற்ற கோரஸ் பிறக்கிறது. ஒரே மைக்கை ஒரு பக்கம் வைத்தால் கூட்டத்துக்குக் கோரஸே போகாது, அல்லது தள்ளாடும் பாதி மட்டும் போகும். இரண்டு மைக் கேளுங்கள். மிக்சரில் சேனல் இல்லை என்றால் கோரஸை அணைத்துவிட்டுப் பெடலில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த விஷயத்தில் வீம்பு வேண்டாம்.

குறைகளும் உண்டு. இந்த மாடலைப் பற்றிப் பேசும் யாரும் அந்த 'உஸ்' சத்தத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. அமைதியான அறையில் பதிவு செய்பவருக்கு உறுத்தும், மேடையில் டிரம்ஸ் தொடங்கிய பிறகு யாருக்குக் கேட்கப் போகிறது? உள்ளேயே இருக்கும் டிஸ்டார்ஷன் குமிழை நான் தொடுவதே இல்லை. எடை சுமார் 28 கிலோ. சமதரையில் சக்கரம் உதவும், படிக்கட்டில் நீங்களும் இன்னொருவரும்தான்.

ஆம்பையே முறுக்கி அதன் கரகரப்பில் சோலோ வாசிப்பவருக்கு இது சரிவராது, அவர்கள் டியூப் பக்கமே போகட்டும். பெடல்போர்டோடு வருபவர், சுத்தமான ஒலியில் கார்டுகள் (chords) நிறைய வாசிப்பவர், தூக்க ஒரு ஆள் துணைக்கு இருப்பவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். பழையது கிடைத்தால் வாங்கும் முன் எல்லாக் குமிழையும் திருகி, கோரஸைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகக் காது கொடுத்துப் பாருங்கள்.