நான் கையாண்ட மூன்று கண்ணாடிப் பால் புட்டிகள்

இந்தியாவில் பால் புட்டியை விளம்பரம் செய்து விற்க முடியாது. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களையும் பால் புட்டிகளையும் ஒழுங்குபடுத்த 1992இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட சட்டம், அவற்றை விளம்பரப்படுத்துவதையும், இலவச மாதிரி தருவதையும், பரிசுப் பொருள் சேர்த்து ஆசை காட்டுவதையும் தடை செய்கிறது. அந்தத் தடை மிகவும் சரியானது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் புட்டி தவிர்க்க முடியாமல் தேவைப்படும் ஒரு தாய்க்கு, கடைக்காரர் எடுத்து வைப்பதையும் தெரிந்தவர்கள் சொல்வதையும் விட்டால் வேறு வழிகாட்டுதல் எளிதில் கிடைப்பதில்லை. ஏழரை மாத காலம் மூன்று வகைக் கண்ணாடிப் புட்டிகளை அன்றாடம் கழுவிக் கொதிக்க வைத்துப் பால் புகட்டியவள் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். சட்டத்தின் நோக்கத்தை மதித்து எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே பரிந்துரைக்கப் போவதில்லை. புட்டியின் தன்மையைப் பார்த்து வாங்கத் தெரிந்துவிட்டால் பெயர் தேவைப்படாது.

எங்கள் வீட்டில் புட்டி வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 26 வாரப் பேறுகால விடுப்பில் ஏழு வாரத்தைப் பிரசவத்திற்கு முன்பே எடுத்துவிட்டதால், குழந்தைக்கு நாலரை மாதம் ஆனபோது நான் திருச்சியில் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைக் கரண்டியாலோ பாலாடை எனும் சிறு மூக்குக் கிண்ணத்தாலோ கொடுப்பதே நல்லது என்று குழந்தை மருத்துவர் கூறினார். அம்மாவும் பரணிலிருந்து என் காலத்து வெள்ளிச் சங்கை எடுத்துத் துலக்கி வைத்தார். பிறந்த சில வாரங்களில் முப்பது மில்லி, ஐம்பது மில்லி என்று கொடுக்கும்போது சங்குக்கு இணையாக ஒன்றுமில்லை. உள்ளே ஒளிந்த மூலை கிடையாது, கழுவுவது நொடிப் பொழுது வேலை, தாயிடம் குடிக்கும் பழக்கமும் கெடுவதில்லை. இப்போதும் முதல் இரண்டு மாதங்களுக்குள் புட்டி வாங்க நினைப்பவர்களிடம், முடிந்தவரை சங்கையோ பாலாடையையோ பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு வேளைக்கு 120 மில்லி குடிக்கும் குழந்தைக்குச் சங்கால் புகட்ட அரை மணி நேரத்திற்கும் மேல் ஆனது. கையைக் காலை உதைத்துப் பாதிப் பாலைக் கொட்டவும் செய்தான். மூட்டு வலியோடு பகல் முழுவதும் அவனைப் பார்த்துக்கொண்ட அம்மாவால் அது முடியவில்லை.

பிளாஸ்டிக்கை விட்டுக் கண்ணாடிக்கு ஏன் போனோம் என்பது அடுத்த கேள்வி. முன்பு பால் புட்டிகள் செய்யப் பயன்பட்ட பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் இருந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் அதைப் பால் புட்டிகளில் தடை செய்தன. இப்போது கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் புட்டிகளில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அந்த வேதிப்பொருள் இல்லை என்று அச்சிட்டிருப்பது உண்மைதான், ஆனால் அது பழைய கேள்விக்கான விடை. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, பாலிப்ரொப்பிலீன் புட்டிகளில் பால்மாவு கலக்கும்போது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிரக்கூடும் என்றும், நீரின் சூடு ஏற ஏற அது மிகுதியாகிறது என்றும் காட்டியது. அந்தத் துகள்கள் குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் பால்மாவில் இருக்கக்கூடிய கிருமிகளைக் கொல்ல 70 டிகிரிக்குக் குறையாத நீரில் அதைக் கலக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. என் பால் போதாமல் போன நாள்களில் ஒரு வேளை மாவுப் பால் கொடுத்ததால், சூடு தேவைப்படும் இடத்தில் சூட்டுக்கு உதிராத பாத்திரம் வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கண்ணாடிப் புட்டி என்று நாம் சொன்னாலும் அதன் நிப்பிள் சிலிக்கோன், மரை வளையமும் மூடியும் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆகவே மாவை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து ஆற்றி, பிறகு புட்டியில் ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

முதல் புட்டியை வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கடையில் 240 ரூபாய்க்கு வாங்கினேன். கண்ணாடி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன். அது என் தவறு. குடிக்கும் டம்ளருக்கும் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் பயன்படும் சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போரோசிலிகேட் கண்ணாடி விரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஓட்டோ ஷாட் உருவாக்கிய இந்தக் கண்ணாடியில் போரான் ஆக்சைடு சேர்வதே அதற்குக் காரணம். ஆய்வகக் குடுவைகள் நெருப்பைத் தாங்குவதும் அதனால்தான். என் முதல் புட்டியின் பெட்டியில் ‘உயர்தரக் கண்ணாடி’ என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. சட்டப்படி பால் புட்டியில் இருக்க வேண்டிய இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையையும் நான் தேடிப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியைப் பாலோடு அப்படியே கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்தபோது, அடிப்பாகத்தைச் சுற்றி வளையம் போல விரிசல் ஓடிப் பால் நீரில் கலந்தது. சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. அது குழந்தையின் வாயில் இருந்தபோது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் பல நாள் என்னை உறங்க விடவில்லை. பெட்டியில் ‘போரோசிலிகேட்’ என்ற சொல் தெளிவாக அச்சிடப்படாத கண்ணாடிப் புட்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

அடுத்த இரண்டும் போரோசிலிகேட் புட்டிகள். இரண்டாவது, குறுகிய கழுத்தும் உள்ளே காற்றை வழிநடத்தும் குழாயும் கொண்டது. குழந்தை காற்றை விழுங்குவதைக் குறைப்பதற்காக அந்தக் குழாய். மூன்றாவது, கை நுழையும் அளவு வாய் அகன்றது. காற்று நுழைய நிப்பிளிலேயே சிறு துளை உள்ளது. இரண்டாவதில் குடித்த நாள்களில் பால் கக்குவது சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் அதன் குழாயையும் ரப்பர் வளையத்தையும் தனித்தனியே பிரித்து, ஊசி போன்ற தூரிகையால் துழாவிக் கழுவ வேண்டும். பகல் உறக்கமில்லாத அம்மா ஒருநாள் அவசரத்தில் கழுவி வைத்த குழாயை நான் மாலையில் எடுத்துப் பார்த்தபோது வளைவில் பால் ஏடு உறைந்து புளித்த வாடை அடித்தது. அதில் அம்மாவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை அதைச் செய்ய வேண்டுமானால் யாருக்கும் ஒருமுறை தவறும். இது புதிய பாடமும் அல்ல. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய கண்ணாடிப் பால் புட்டிகள் பரவலாக இருந்தன. குழந்தை தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தாய்மார்கள் அவற்றை விரும்பினர். சுத்தம் செய்யவே முடியாத அந்தக் குழாயில் கிருமிகள் பெருகிக் குழந்தைகள் இறந்ததால், பிரான்ஸ் 1910இல் அவற்றைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இன்றைய குழாய் பிரித்துக் கழுவக்கூடியது என்பது பெரிய வேறுபாடு. என்றாலும், வயிற்று உப்புசத்தால் குழந்தை உண்மையிலேயே அவதிப்பட்டால் ஒழிய, உறுப்புகள் குறைந்த, வாய் அகன்ற புட்டியையே தேர்ந்தெடுங்கள். எங்களுக்குக் கடைசி வரை உழைத்தது மூன்றாவது புட்டிதான்.

கழுவிய புட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கொழுப்புப் படலம் ஒட்டியிருப்பது உடனே தெரிகிறது. ஏழரை மாதம் கழித்தும் அந்தத் தெளிவு குறையவில்லை. வெளியூர்ப் பயணத்திற்கென்று வாங்கிய பிளாஸ்டிக் புட்டி இரண்டே மாதத்தில் தூரிகைக் கீறலால் மங்கிவிட்டது. எவ்வளவு கழுவினாலும் பால் வாடையும் போகவில்லை. நான் கண்ணாடியைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

அளவுக் கோடுகளைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. மாவுப் பாலில் நீரின் அளவு கூடினால் குழந்தைக்குச் சத்து குறையும். குறைந்தால் உடலில் நீர் வற்றும், மலச்சிக்கலும் வரும். வீட்டில் மின்தராசு இருந்தால் வெறும் புட்டியை வைத்து எடையைச் சுழியாக்கிவிட்டு, 100 மில்லிக் கோடு வரை நீர் ஊற்றிப் பாருங்கள். 100 கிராம் காட்ட வேண்டும். என் முதல் புட்டி 109 காட்டியது, மூன்றாவது 101 காட்டியது. கோடுகள் எந்த மையால் அச்சிடப்பட்டுள்ளன என்பதையும் கவனியுங்கள்; நகத்தால் சுரண்டினால் உரியும் மை கொதிநீரில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

நிப்பிளைப் பொறுத்தவரை, பெட்டியில் அச்சிட்ட மாத எண்ணிக்கையை நம்பி துளை பெரிதான அடுத்த எண் நிப்பிளுக்குத் தாவ வேண்டாம். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஓடக் கூடாது. மார்பில் உழைத்துக் குடிக்கும் குழந்தைக்குப் புட்டிப் பால் தாரையாகக் கிடைத்துவிட்டால் மார்பை மறுக்கத் தொடங்கும். நான் கடைசி வரை மெதுவான ஓட்டத்திலேயே நிறுத்திக்கொண்டேன். ஊசியைச் சுட்டு நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புரையேறும், கிழிந்த சிலிக்கோன் துணுக்கு தொண்டையில் சிக்கவும் கூடும். இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அல்லது நிறம் மங்கிப் பிசுபிசுத்தால் அதற்கு முன்பே, மாற்றிவிட வேண்டும். ஆகவே தனி நிப்பிள் உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புட்டி வாங்குங்கள். இரண்டாவது புட்டிக்கு அது கிடைக்காமல் நான் இணையத்தில் பத்து நாள் காத்திருந்தேன்.

எடையைக் குறையாகச் சொல்பவர்கள் பலர். எங்கள் 240 மில்லிப் புட்டி வெறுமையாகவே 230 கிராம். பால் நிறைந்தால் அரைக் கிலோவை நெருங்கும். அம்மாவின் மணிக்கட்டு வலித்ததால் பகலுக்கு 120 மில்லிப் புட்டிகள் இரண்டை வாங்கினோம். தாய்ப்பாலைச் சிறு அளவில் சேமிக்கவும் அதுவே வசதியாக அமைந்தது. ஆனால் இந்த எடையில் ஒரு நன்மையும் உண்டு. புட்டியைத் துண்டில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுக் குழந்தையைப் படுத்தபடி குடிக்க விடும் பழக்கம் மூச்சடைப்புக்கும் காதுத் தொற்றுக்கும் வழிவகுக்கும். கண்ணாடிப் புட்டியோடு அப்படிச் செய்ய யாருக்கும் மனம் துணியாது. ஒருவர் மடியில் வைத்துப் பிடித்துத்தான் கொடுத்தாக வேண்டும்.

வழுக்காமல் இருக்கச் சிலிக்கோன் உறை போட்டுக்கொள்ளலாம். கீழே விழுந்தால் அதிர்ச்சியை அது ஓரளவு தாங்கும். உடைந்தாலும் சில்லுகள் அதிகம் சிதறாது. ஆனால் ஒவ்வொரு முறை கழுவும்போதும் உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் மெல்லிய விரிசலை அது மறைத்துவிடும். விளிம்பில் விரலை ஓட்டாதீர்கள். ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாகச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் சில்லு பெயர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் புட்டியை அன்றே தூக்கி எறியுங்கள், விலையை நினைத்துத் தயங்க வேண்டாம்.

கொதிக்க வைக்க மின்கருவி எதுவும் தேவைப்படவில்லை. அடியில் வெள்ளைத் துணி விரித்த பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரிலேயே புட்டியை மூழ்க வைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்து, அடுப்பை ஏற்றிக் கொதி வந்த பின் பத்து நிமிடம் வைத்து, ஆறிய பிறகே எடுத்தோம். போரோசிலிகேட்டாக இருந்தாலும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை நேராகக் கொதிநீரில் வைப்பதில்லை. குழாய்த் தண்ணீரில் சிறிது நேரம் காட்டி, பின் வெதுவெதுப்பான நீரில் வைப்போம். பீய்ச்சிய தாய்ப்பால் 25 டிகிரி அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது பொது அறிவுரை. திருச்சியின் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது என்பதால் உடனுக்குடன் குளிர்பெட்டியில் வைத்து, நான்கு நாளுக்குள் கொடுத்துவிட்டோம். குழந்தை குடித்து மிச்சம் வைத்த மாவுப் பாலை ஒரு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கவில்லை.

வாய் அகன்ற புட்டியின் விலை 890 ரூபாய். முதலில் வாங்கியதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இரண்டு பெரியது, இரண்டு சிறியது இருந்தால் வேலைக்குப் போகும் தாய்க்குப் போதும். ஆறு புட்டி அடங்கிய தொகுப்பு யாருக்கும் தேவைப்படாது. ஆறு மாதம் முடிந்ததும் சிறு டம்ளரில் நீர் குடிக்கப் பழக்கியதால் புட்டியின் பயன்பாடு படிப்படியாகக் குறைந்தது. ஒன்பதாவது மாதத்தில் அவனே புட்டியைப் பிடித்து வீசத் தொடங்கியதும், பெரியவர் கையை விட்டு அது போகாமல் பார்த்துக்கொண்டோம். முதல் பிறந்தநாளுக்குள் முழுவதுமாக நிறுத்திவிட்டோம். விளிம்பு சிதையாத மூன்று புட்டிகளைப் பஞ்சால் சோதித்துக் கொதிக்க வைத்து, பழைய நிப்பிள்களைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்கிப் பொருத்தி, அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பும் என் தங்கையிடம் சங்கோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.