நான்கு வருடம், மூன்று ஆக்சில்: என் 29 இன்ச் எம்டிபி

போன வாரம் பின்சக்கர ஆக்சில், அதாவது சக்கரத்தின் நடுவில் போகும் அச்சு, மறுபடியும் உடைந்தது. இது மூன்றாவது. அன்று சாயங்காலமே அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதிலிருந்தே அவருக்கு எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஆசை. "இருபதாயிரத்துக்குள்ள எடுக்கலாம்னு இருக்கேன். 27.5 இன்ச் சக்கரம் எடுக்கவா, 29 எடுக்கவா?" என்றார். என் கையில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. "முதல்ல வண்டியே எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அப்படி எடுத்தெறிந்து பேசியிருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. 21 கியர், ஸ்பிரிங் வைத்த முன் சஸ்பென்ஷன், கேபிள் டிஸ்க் பிரேக். இந்த விலையில் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் எல்லா வண்டியும் அண்ணன் தம்பிதான். 2021 கடைசியில் வாங்கியது, பதினோராயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சேலத்துக்குள் தினமும் வேலைக்கு, ஞாயிறு காலை ஏரிக்கரை அல்லது ஏற்காடு அடிவாரம்.

29 இன்ச் சக்கரத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை மாதிரி கல்லும் மண்ணுமான பாதையில் பழைய 26 இன்ச் வண்டி ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும். இது பாதியைக் கண்டுகொள்ளாமலே தாண்டிவிடும். ஆனால் நான் எதிர்பார்க்காத லாபம் வேறு. 29 இன்ச் ரிம்மும் ரோடு சைக்கிளின் 700சி ரிம்மும் டயர் உட்காரும் இடத்தில் ஒரே அளவு, 622 மில்லிமீட்டர். மழைக்காலம் முடிந்ததும் பட்டன் டயரைக் கழற்றிவிட்டு 700 × 40 வழவழப்பு டயர் மாட்டினேன். ரோட்டில் அந்த 'ஙொய்ய்' சத்தம் நின்றது, வேறு வண்டி வாங்கின மாதிரி இருந்தது. மழை முடிந்ததிலிருந்து வைகாசி வரை ரோடு டயர், அப்புறம் பட்டன் டயர். ஒரு வண்டிக்காசில் இரண்டு வண்டி என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். 27.5-இன் ரிம் 584. அதற்கு இப்படி மெல்லிய டயர் தேடி நம்மூர்க் கடைகளில் அலைய வேண்டும்.

இந்த இன்ச் கணக்கே ஒரு ஏமாற்று. 'லேடீஸ் சைக்கிளில்' வரும் 26 × 1⅜ ரிம் 590 மில்லிமீட்டர்; எம்டிபியின் 26 இன்ச் ரிம் 559. இரண்டுக்கும் பெயர் 26. இதில் அந்த லேடீஸ் சைக்கிளின் 26, எம்டிபியின் 27.5-ஐவிடப் பெரியது! என் மச்சான் 26 என்று வாய்வார்த்தையாகக் கேட்டு டயர் வாங்கிவந்து, அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 622, 584 என்று அச்சடித்திருக்கும். அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

29-இல் ஒரு குறை, ஏற்றம். என் வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 24, பின்னால் பெரியது 28. சக்கரம் பெரிதாக இருப்பதால் மிதியை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 1.96 மீட்டர் போகும். அதே பல்லில் 26 இன்ச் வண்டி 1.79 போகும். ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் ஏற்றத்தில் மிதி கனக்கும். வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லையே என்று தோன்றும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் நாலாவதுக்குள் முட்டி சொல்லிவிடும். பின்னால் 34 பல் ப்ரீவீல் (பின்சக்கரத்தில் திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) மாற்றினேன், 1.61-க்கு இறங்கியது. செலவு சில நூறு ரூபாய்தான். ப்ரீவீலின் நல்ல குணம் அந்த மலிவு விலை.

கெட்ட குணமும் அதே ப்ரீவீல்தான்.

செவ்வாய்க்கிழமை ஐந்து ரோடு பாலத்தடியில் கியர் தானாக மாறியது. நான் கை வைக்கவில்லை. டயர் ஒரு பக்கமாகப் போய் ஃபிரேமில் உரசியது. போக்ஸ் கம்பி அறுந்து சக்கரம் கோட்டமாகியிருக்கும் என்று நினைத்து நம்ம பஞ்சர் கடை அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சக்கரத்தை நடுவில் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஆக்சிலின் துளைக்குள் போய்ச் சக்கரத்தை ஃபிரேமில் இறுக்கும் குவிக் ரிலீஸ் கம்பியை உருவினார். ஆக்சில் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. "தம்பி, இது எப்பவோ போயிருக்கு. இந்தக் கம்பிதான் இத்தனை நாளா சேத்துப் புடிச்சிருக்கு" என்றார். உடைந்த முகத்தைப் பார்த்தேன். முக்கால்வாசி கறுத்து அழுக்கேறியிருந்தது, ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று மட்டும் பளபளத்தது. அதாவது, விரிசல் விட்டு வெகுநாள் ஆகியிருக்கிறது, அன்று உடைந்தது அந்தக் கீற்று மட்டும்தான்.

காரணம் சுலபம். ப்ரீவீல் வைத்த ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) வலது பக்க பால்ரஸ், பல்சக்கரங்களுக்கு உள்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஃபிரேம் வரை மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆக்சில் தாங்கலே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இடம்தான் வளைகிறது. பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் இன்னொரு வகையான கேசட் ஹப்பில் பால்ரஸ் ஃபிரேமுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. சர்வீஸுக்குப் புகார் சொன்னேன். தேய்மானப் பொருள், வாரண்டி கிடையாது என்றார்கள். மலைப்பாதை படம் போட்டு விற்ற வண்டிக்கு, பள்ளத்தில் ஓட்டினால் ஆக்சில் தேயுமாம்!

சரி, நியாயமும் பேச வேண்டும். என் எடை 84 கிலோ, முதுகில் லேப்டாப் பை, பள்ளத்தைக் கண்டால் சீட்டை விட்டு எழும் பழக்கமும் இல்லை. அறுபது கிலோ ஆள் ஓட்டினால் ஆக்சில் உடையாமலே காலம் தள்ளலாம். புது ஆக்சில், கோன், கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய்தான் ஆனது. நான்கு வருடத்தில் மூன்று முறை. பெட்ரோல் போட்டிருந்தால் ஒரு மாதத்தில் போயிருக்கும் காசு.

அதனால் நண்பருக்கு: 27.5-ஆ 29-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தரை அடிக்கு மேல் உயரம் என்றால் 29 எடுக்கலாம், குட்டையானவருக்கு 27.5 வசதி. கடையில் பார்க்க வேண்டியது வேறு. வண்டி அசையாமல் இருக்க, மிதியைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஆக்சிலை ஒட்டிய பல்வெட்டு வளையம் பல்சக்கரங்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் நின்று பற்கள் மட்டும் சுற்றினால் ப்ரீவீல். உங்கள் பட்ஜெட்டில் பெரும்பாலும் நிற்கும். எட்டு, ஒன்பது கியர் கேசட் வைத்த பழைய வண்டி நல்ல நிலையில் கிடைத்தால், முன் சஸ்பென்ஷனே இல்லாவிட்டாலும் அதை எடுங்கள்.

என் மாடலை வாங்கலாமா என்றால், வேண்டாம். இதையே ஜனவரியில், ரோடு டயர் புதிதாக ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டிருந்தால், கடைக்குக் கூடவே வந்திருப்பேன்.